சீன மனைவியும் சர்க்கார் படிவமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களினின்று நம் வாலிபர் வைத்தியம் படிக்கச் சீனத்திற்கும், தொழிலை நாடிச் சிங்கப்பூருக்கும் செல்வது இன்று புதுமையன்று. அவ்விடத்தில் சீனப் பெண்ணொருத்தியை மணந்தவன், அவளைத் தன் வீட்டிற்கு அழைத்துவர விரும்பினால், முதலில் அவன் எதிரில் நிற்பது சர்க்கார் படிவமே. தன் விலாசத்தைக் குறித்து, இவளுக்கு நானே பொறுப்பு என்று அவன் கையொப்பமிடுகிறான். ஒரு பிரஜையின் அந்தக் கையொப்பத்திற்கு மதிப்பு என்ன என்பதே நம் கேள்வி.

வருகின்ற அந்நியர் யார் என்று விசாரிக்க எத்தேசத்திற்கும் உரிமையுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆளை விசாரிப்பது வேறு, இனத்தையே குற்றமாக்குவது வேறு. அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளர் வரவைச் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1925 மே மாதத்தில் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புக்கள் அளித்தது. சீன வர்த்தகனின் மனைவி உடன்படிக்கையின்படி வரலாம். அமெரிக்கப் பிரஜையின் சீன மனைவியோ வரலாகாது! பிரஜையாயிருப்பதே அவனுக்குக் கெடுதலாயிற்று. இத்தவறு 1946 ஆகஸ்டில்தான் திருத்தப்பட்டது. அக்கதவு சீனருக்கு மட்டும் அடைக்கப்பட்டிருக்கவில்லை. 1917-இன் சட்டம் நம்மவர் வரவையும் தடுத்தது. 1946 ஜூலையில் திறந்தபோது, ஆண்டுக்கு 100 இந்தியருக்கே இடம் கிடைத்தது. அவமதிப்பின் சுவையை நாம் அறிவோம்.

அறிந்தும் நாம் தவறினோம். 1962-ஆம் ஆண்டு யுத்தத்தின்போது சீன வம்சத்தார் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைத்தோம். தலைமுறைகளாக இங்கு வாழ்ந்த குடும்பங்களும் அதில் அகப்பட்டன.

1946-இன் அந்நியர் சட்டம் நீங்கி, 2025-இல் புதுச்சட்டம் வந்துவிட்டது. 2020-இல் நிறுத்தப்பட்ட சீன யாத்திரிகர் விசாவும் அவ்வாண்டே மீண்டும் வழங்கப்படலாயிற்று. நம் பிரஜையை மணந்தவர் பிரஜையாகப் பதிந்துகொள்ள மனுச் செய்யுமுன் ஏழாண்டு இங்கு வசிக்க வேண்டுமென்று 1955-இன் பிரஜா உரிமைச் சட்டம் விதிக்கிறது. அவ்வேழாண்டும் அவள் அநுமதியின்பேரில் வாழ்பவளே. அதைப் புதுப்பிப்பதில் தாமதம் நேர்ந்தால் தவிப்பது ஒரு குடும்பம்.

ஆகவே, நாம் சலுகை கோரவில்லை. மனுவுக்கு இத்தனை நாளில் முடிவு என்று தவணை விதிக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அதற்குப் பதில் சொல்லக் கணவனுக்கு இடமளிக்கட்டும். எல்லையில் பகை இருக்கலாம். அதன் வரியை ஒரு மனைவியிடம் வசூலிப்பது தர்மமன்று.