பழைய ஸ்டெபிலைசர் வாங்கும் முன்...

பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் இல்லாமல் மளிகைக் கடை நடத்த முடியாது என்றாகிவிட்டது. ஃப்ரீசர் வந்தது, அதன் பின்னால் ஸ்டெபிலைசரும் வந்தது. புதியதன் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதைத் தேடிப் போகிறவர்கள் நம்மில் பலர். அதில் தவறில்லை, நாமும் போனவர்கள்தாம்.

நாம் முதலில் வாங்கியது பெரிய பெட்டி. முகப்பில் '2 கே.வி.ஏ.' என்று எழுதியிருந்தது. "புதுசு மாதிரி ஓடும் அண்ணாச்சி" என்று சொல்லி, ஒரு பல்பை மாட்டி எரியவிட்டும் காட்டினார் விற்றவர். சித்திரை மாத மதியம் ஒன்றில் கருகல் வாடை வந்தது. அன்று கரைந்துபோன ஐஸ்கிரீமின் மதிப்பு, நாம் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம்.

பல்பு எரிவது ஒரு சோதனையே அல்ல. ஃப்ரீசரில் இருப்பது கம்ப்ரசர் மோட்டார். கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 1 கே.வி.ஏ. என்பது 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர்தான். ஆகவே ஃப்ரீசரின் பின்புறத் தகட்டில் உள்ள ஆம்பியரைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். சில புதிய ஃபிரிட்ஜ்களுக்கு ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. அதையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

விலையைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர். பெட்டி கனமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இரும்புத் தகடுகளும் கனக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பி முனையைக் கத்தியால் நன்றாகச் சுரண்டினால், செம்பு உள்ளேயும் சிவப்பாக இருக்கும். அலுமினியம் வெளுத்துக் காட்டும். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்புப் பூச்சு. அலுமினியக் கம்பி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே கரண்டைத் தாங்க அது செம்பைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். செம்பின் விலையை அதற்குக் கொடுப்பானேன்?

ரிலே முனைகள் கறுத்திருந்தால் மாற்றச் செலவு உண்டு. அதைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். கரண்ட் போய் வந்தவுடன் சப்ளை கொடுக்காமல், சுமார் 3 நிமிடம் தாமதிக்கும் வசதி வேலை செய்கிறதா என்று கடிகாரம் பார்த்துச் சோதியுங்கள். கம்ப்ரசரில் உள்ள அழுத்தம் தணிவதற்குள் மோட்டார் கிளம்ப முயன்றால் திணறிச் சூடாகும்.

எர்த் விஷயத்தில் மட்டும் பேரமே கூடாது. பழைய சரக்கில் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஈரக் கையோடு பால் பாக்கெட் எடுக்கும் கடைப் பையன்தான் அந்தப் பெட்டியைத் தொடப்போகிறவன்.

எல்லாம் சரியாக இருந்தாலும், கடைக்குக் கொண்டுவந்து ஃப்ரீசரோடு ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று பேசி, அதைப் பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிந்துபோன நமது பெட்டியை மோட்டார் காயில் கட்டும் கடையில் பிரித்துப் பார்த்தோம். செம்பு என்று நம்பியிருந்த கம்பிக்கு அலுமினிய விலைதான் கிடைத்தது.