இழுப்பது கையல்ல, கால்தான்!



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மேடம், என் பொண்ணு டவுன் ஜிம்முல படகு ஓட்டுற மாதிரி ஒரு மிஷின்ல இழுத்துட்டு வந்தா. மறுநாள் குனியவே முடியல. அது கெட்ட மிஷினா?"

மிஷின் கெட்டதில்லை. இழுக்கும் முறைதான் தப்பு. நானும் அதே தப்பைச் செய்தவள்தான். வேகமாக இழுத்தால்தான் பலன் என்று நிமிடத்துக்கு 36 தடவை இழுத்து, மூன்று நாள் இடுப்பு வலியில் கிடந்தேன்.

ரோயிங் மிஷினில் பெரும்பங்கு வேலை தொடைக்குத்தான். முதுகு கூனி, கையால் மட்டும் இழுத்தால் பாரம் முழுவதும் அடி முதுகில் இறங்கும்.

சரியான வரிசை இதுதான்:

1. கால்: முழங்காலை மடக்கி, கையை நீட்டி, முதுகு கூனாமல் உட்காருங்கள். முதலில் பாதப் பலகையைக் காலால் தள்ளுங்கள். கை நீட்டியபடியே இருக்கட்டும்.

2. இடுப்பு: கால் நீண்டதும் உடம்பைக் கொஞ்சமாகப் பின்னால் சாய்க்கவும்.

3. கை: கடைசியாகக் கைப்பிடியை விலா எலும்பு வரை இழுக்கவும்.

திரும்பும்போது தலைகீழ் வரிசை: கை, இடுப்பு, கால்.

திரையில் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்று தெரியும். புதியவர்களுக்கு 20 முதல் 24 போதும். 20 என்றால் ஒரு இழுப்புக்கு 3 விநாடி. இழுக்க 1 விநாடி, திரும்ப 2 விநாடி. அந்தத் திரும்பும் நேரம்தான் மூச்சு வாங்க நேரம். அவசரப்படாதீங்க.

காற்றாடி உள்ள மிஷினில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோல் இருக்கும். 10-ல் வைத்தால்தான் நல்லது என்பது தவறான எண்ணம். 3 முதல் 5-க்குள் வைத்துத் தொடங்குங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள்; இருக்கைச் சக்கரத்தில் சிக்கும். கர்ப்பிணிகள், ஆபரேஷன் செய்தவர்கள், முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

"எங்க ஊர்ல ஜிம்மே இல்லையே" என்கிறீர்களா? தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தினமும் தூக்குகிறோமே! அங்கேயும் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, கால் பலத்தில் எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் காலிக் குடத்தோடு எல்லோரும் சேர்ந்து செய்து பார்ப்போம். உங்கள் மகள்களையும் அழைத்து வாருங்கள்!