பழைய பெட்டியில் ஓர் எண்விளக்கு

சூளூர்பேட்டையில் வாழும் நம்மவர்க்கு ஒளிரும் எண்கள் புதியன அல்ல. இரயில் நிலையத்தில் வண்டியின் எண் விளக்குப் பலகையில் தோன்றுகிறது. கிழக்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில், புலிக்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகலம் எழும்புமுன் இறங்குமுகமாக எண்கள் ஓடுகின்றன. இவற்றின் நடுவே வளரும் நம் சிறுவர் சிறுமியர் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். ஓர் எண் எங்ஙனம் ஒளிர்கின்றது என்பது ஒன்று. அவ்வெண் சொல்லுவது மெய்தானா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கற்பிக்க, பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறிப் பெட்டி ஒன்றே போதும்.

பெட்டியின் முகத்தில் எண் வந்த கதை

1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சொந்தக் கணிப்பொறியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள். அக்காலத்து விளையாட்டுகள் சில அவ்வேகத்தையே கணக்கிட்டு எழுதப்பட்டவை. பின்னர் வந்த விரைவான கணிப்பொறிகளில் அவை ஆட இயலாத வேகத்தில் ஓடின. ஆகவே வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் ‘டர்போ’ என்னும் பொத்தான் ஒன்றைப் பெட்டியின் முகத்தில் வைத்தனர். அதனருகே இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் கொண்ட எல்.இ.டி. விளக்கும் அமைந்தது. 33 என்றும் 66 என்றும் அது பெருமையுடன் ஒளிர்ந்தது.

வியப்பு யாதெனில், அவ்விளக்கு வேகத்தை அளந்ததே இல்லை! அதன் பின்புறம் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் ‘ஜம்பர்’ எனப்படும் குட்டி மூடிகளைப் பொருத்தி, பொத்தான் அழுந்தியபோது எக்கோடு எரிய வேண்டும், அழுந்தாதபோது எக்கோடு எரிய வேண்டும் என்று பெட்டியைக் கூட்டியவரே முடிவு செய்தார். 33 மெகாஹெர்ட்ஸ் கணிப்பொறியில் 99 என்று ஒளிரச் செய்யவும் தடையில்லை. அதனால் கணிப்பொறி ஓர் அணுவளவும் விரைந்துவிடாது.

ஏழு கோடுகளும் ஏழு உயிரெழுத்துகளும்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பவர் செய்து காட்டினார். அத்தகைய கோடுகள் ஏழினை 8 என்னும் வடிவில் அடுக்கினால் எந்த இலக்கத்தையும் எழுதிவிடலாம்.

இக்கோடுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இடுவது உலக வழக்கு. நாம் நம் உயிரெழுத்துகளை இடுவோமே! உச்சியிலுள்ள கோடு அ. வலப்புறம் மேலுள்ளது ஆ. அதன் கீழுள்ளது இ. அடிக்கோடு ஈ. இடப்புறம் கீழுள்ளது உ. அதன் மேலுள்ளது ஊ. நடுக்கோடு எ. இனி 1 என்று காட்ட ஆ, இ இரண்டும் எரிந்தால் போதும். 7 என்பதற்கு அ, ஆ, இ. 4 என்பதற்கு ஆ, இ, ஊ, எ. எட்டுக்கு ஏழும் எரிய வேண்டும். எ ஒன்றை மட்டும் அணைத்தால் பூச்சியம். மற்ற இலக்கங்களைக் குழந்தைகளே தாளில் வரைந்து கண்டுபிடிக்கட்டும். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வீட்டிலும் ஒரு வேலையில் பயன்பட்டதாகும்.

இணைக்கும் முறை

ஏழு கோட்டு விளக்கு, மின்தடைகள், இணைப்புக் கம்பிகள், பற்றவைக்காமலே செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஏழு சிறு சுவிட்சுகள் ஆகியவை வேண்டும். இவை சென்னை ரிச்சித் தெருவில் கிடைக்கும். இங்கிருந்து சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் ஒரு பகலில் வாங்கித் திரும்பலாம். ‘பொதுக் கேதோடு’ வகை விளக்காகக் கேட்டு வாங்குக. அதில் ஏழு கோடுகளின் எதிர்முனைகளும் உள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும்.

மின்னழுத்தம் 5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், எஞ்சுவது 3. ஒரு கோட்டுக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும். 3ஐ 0.01ஆல் வகுத்தால் 300 ஓம். அதற்கு அடுத்துக் கடையில் எளிதாகக் கிடைப்பது 330 ஓம். அதன்மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்னும் வண்ணக் கோடுகள் இருக்கும். நேர்முனையிலிருந்து சுவிட்சு, பின் மின்தடை, பின் விளக்கின் கோடு, இறுதியில் பொதுமுனை வழியாக எதிர்முனை என்பதே பாதை. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும். சிக்கனம் கருதி எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்தால், 1 பளிச்சென்று எரியும். 8 மங்கி நிற்கும்.

பெற்றோர் கவனத்திற்கு

பழைய பெட்டிகளில் ஓர் அபாயம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஏ.டி.எக்ஸ். அமைப்பு வருவதற்கு முந்திய பெட்டிகள் பலவற்றில், முகப்பிலுள்ள பெரிய சுவிட்சுக்கே வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் வந்து சேரும். சுவிட்சை அணைத்திருந்தாலும், கம்பி சுவரில் செருகியிருக்கும்வரை அங்கே மின்சாரம் நிற்கும். ஆதலின் பெட்டிக்கு வரும் மின்கம்பியை அடியோடு நீக்கிவிடுக. உள்ளேயுள்ள மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. கம்பியை நீக்கிய பின்னரும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். நம் எண்விளக்குக்குக் கைப்பேசிக்குரிய 5 வோல்ட் மின்னேற்றியே போதுமானது.

எண்ணும் மெய்யும்

விளக்கு எரிந்ததும் பிள்ளை மகிழும். அப்போது ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கண்ணு, இந்த எண்ணைச் சொன்னது யார்?” சுவிட்சைத் தள்ளிய தன் விரலே சொன்னது என்பதை அது உணரும். நிலையத்துப் பலகையும் அவ்வாறே. அதற்குக் கண் இல்லை. ஊட்டிய செய்தியையே அது காட்டும். கடைத் தராசில் பொருளை வைக்குமுன் பூச்சியம் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் இவ்வறிவின் பயனே.

எண்ணுக்குப் பின்னால் மெய்யான சோதனை நிற்கும்போது அதன் மதிப்பே வேறு. 2019ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அதிகாலையில், சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 நொடி இருக்கையில் ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. ஏவுகலத்தில் தொழில்நுட்பக் குறை ஒன்று கண்டறியப்பட்டதே காரணம். ஒரு வாரம் சென்று, ஜூலை 22ஆம் நாள் பிற்பகல் 2.43 மணிக்கு அது வானேறியது. அந்த எண்ணிக்கை வெறும் அலங்காரமாக இருந்திருந்தால், குறையைப் பொருட்படுத்தாமல் பூச்சியம்வரை ஓடியிருக்கும். சோதனைக்குக் கட்டுப்பட்டதாதலின் நின்றது. நின்றதனால் கலம் பிழைத்தது.

ஒளிர்வதெல்லாம் மெய்யன்று, அளந்து சொல்வதே மெய். இதனைப் பிள்ளைகள் தம் கையாலேயே கண்டறியட்டும். பழைய பெட்டியைக் குப்பைக்கு அனுப்புமுன் அதன் முகத்தில் ஓர் எண்ணை ஏற்றிப் பாருங்கள்.