செயல்முறைச் சிகிச்சையாளர் எவ்வாறு உருவாகிறார்?

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெறுபவரிடம், "காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்? வீட்டில் சமைப்பவர் யார்? கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா?" என்றெல்லாம் கேட்பார் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்முறைச் சிகிச்சையாளர். நோய்க்கும் இக்கேள்விகளுக்கும் என்ன தொடர்பு என்று குடும்பத்தினர் வியப்பதுண்டு. அத்தொடர்பைக் கற்பிப்பதே இத்துறையின் பல்கலைக்கழகப் படிப்பாகும்.

இந்தியாவில் இக்கல்வி 1950-ஆம் ஆண்டு, மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. மாணவர்கள் முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் ஆகியவற்றையும், பின்னர் நரம்பியல், எலும்பியல், மனநலம், குழந்தை நலம் ஆகியவற்றையும் பயில்கின்றனர்.

இப்படிப்பின் தனிச்சிறப்பு, அன்றாடச் செயல்களைப் பகுத்து ஆராய்வதாகும். சோற்றைப் பிசைந்து உண்பது எளிதாகத் தோன்றும். ஆயினும் அதற்கு நிமிர்ந்து அமர வேண்டும். தட்டு முழுவதும் கண்ணில் பட வேண்டும். விரல்கள் குவிய வேண்டும். கை வாய் வரை உயர வேண்டும். இவற்றுள் தடை எங்கே உள்ளது எனக் கண்டறிந்த பின்னரே சிகிச்சை முடிவாகும். பிடிமானம் குறைந்தவருக்குத் தடித்த கைப்பிடியுள்ள கரண்டி உதவலாம். தட்டின் ஒரு பாதியைக் கவனிக்கத் தவறுபவருக்கோ, அப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கும் பயிற்சி தேவைப்படும்.

வகுப்பறைக் கல்வி மட்டும் போதாது. உலகச் செயல்முறைச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் வரையறைப்படி, குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி அவசியம். எனவேதான் மாணவர்கள் உங்கள் படுக்கையருகே வருகின்றனர். அவர்கள் தகுதி பெற்ற சிகிச்சையாளரின் மேற்பார்வையில், தம்மை அறிமுகப்படுத்தி, உங்கள் ஒப்புதலைப் பெற்றே பயிற்சியளிக்க வேண்டும். விருப்பமில்லையெனில் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அவர்கள் கற்கும் பாடங்களுள் கடினமானது காத்திருத்தலே. சட்டைப் பொத்தானைப் போட நோயாளி திணறும்போது, அருகிலிருந்தும் உடனே கை கொடுக்காமல் இருப்பது அலட்சியமன்று. செயலிழந்த கை, மீண்டும் மீண்டும் முயல்வதன் வாயிலாகவே பழகுகிறது. அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், அவ்வாய்ப்பு நோயாளிக்குக் கிடைக்காமல் போகும்.

வீட்டிலும் இப்பயிற்சி தொடர வேண்டும். சட்டை அணியும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்கவும். கழற்றும்போது நலமான கையை முதலில் எடுக்கவும். நோயாளியால் இயன்ற பகுதியை அவரே செய்யட்டும். எஞ்சியதற்கு மட்டும் உதவுங்கள். வலியோ தலைச்சுற்றலோ மிகுந்த களைப்போ தோன்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் தெரிவியுங்கள்.

அடுத்த முறை சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது, நோயாளி மீண்டும் தாமாகச் செய்ய மிகவும் விரும்பும் ஒரு செயலைக் கூறுங்கள். கோலமிடுவதாயினும், பேரக்குழந்தைக்குச் சோறூட்டுவதாயினும், அதிலிருந்தே சிகிச்சைத் திட்டத்தை வகுக்க அவர் பயின்றிருக்கிறார்.