ரசீதுப் புத்தகமும் நானும்

நன்கொடை ரசீதுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ, தெரியாது. எனக்குப் போன வருஷம் வரை கிடையாது. கொடுத்துத்தான் பழக்கம்; கேட்டுப் பழக்கமில்லை.

ஆனையூரில் எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். சீட்டுப் பணம் கட்டுவோம், பலகாரம் சாப்பிடுவோம், கலைந்துவிடுவோம். அப்படி ஒருநாள் பக்கத்துத் தெரு அப்பத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. பால் பொங்குவது சத்தத்தில்தான் தெரியும். பேரன் எதிரே வந்து நின்றால், "யாரு ராசா அது?" என்று முகத்தைத் தடவிப் பார்ப்பார். இத்தனைக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இதே மதுரையில், அண்ணா நகரில் இருக்கிறது.

"ஏன் அப்பத்தா இன்னும் போகலை?" என்று கேட்டேன்.

"கூட்டிட்டுப் போயி, கூட இருந்து, கூட்டிட்டு வர யாருத்தா இருக்கா? மக ஒருநா வேலைக்குப் போகலைன்னா அன்னிக்கு உலை வைக்க முடியாது."

அவர் ஒருவர் மட்டுமா? விசாரித்ததில் நாலு தெருவுக்குள் இப்படி ஏழெட்டுப் பேர். சரி, இங்கேயே ஒரு கண் முகாம் நடத்தினால் என்ன என்று கிளம்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள். அறுவை தேவைப்படுகிறவர்களை அவர்களே வண்டியில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். விளம்பரமும் முகாம் ஏற்பாடும் ஊர்க்காரர்கள் பொறுப்பு. அதற்குத்தான் பணம் வேண்டும்.

ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்தோம். "பார்வை இழந்தோர் வாழ்வில் ஒளியேற்ற வாரி வழங்குவீர்!" எழுதியது நான்தான். ரொம்பப் பெருமை வேறு.

முதல் கடையிலேயே பெருமை போயிற்று. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அங்கிட்டு ஆபரேஷனே இலவசந்தானே? அப்புறம் இந்தக் காசு எதுக்கு?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டில் இன்னும் மோசம். "இப்படித்தான் யாரோ வந்து வாங்கிட்டுப் போனாங்க. என்ன செஞ்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்னவரிடம் பொருமினேன். "நம்மளைத் திருடி மாதிரி கேட்கிறாங்க!"

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "நீ கால் கிலோ கத்திரிக்காய் வாங்க எத்தனை தடவை புரட்டிப் பார்க்கிறே? அவங்களும் பார்க்கிறாங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அண்ணாச்சிக்கு என்ன பதில்? யோசித்தால், அரவிந்த் மருத்துவமனையே ஆரம்ப காலத்தில் மோதிக்கொண்ட கேள்வி அது. அறுவை இலவசம் என்று சொல்லியும் கிராமத்தில் பார்வை மங்கியவர்களில் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி நஷ்டம், கத்தி என்றாலே பயம். ஏழைக்கு 'இலவசம்' என்பதிலும் ஒரு விலை ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான், வண்டியும் சாப்பாடும் அவர்களே கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் அப்பத்தா சொன்னதும் அதேதானே!

அந்த மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமிக்கே பணம் கேட்பது சுலபமாக இருக்கவில்லை. 1976-ல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணியவர். காசில்லாதவருக்கும் வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரி கட்டுகிறேன் என்றால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தார் நகைகளும் அடகுக்குப் போயின. (அடகுக் கடைப் படி நமக்குப் புதிதில்லை. ஆனால் இப்படி ஒரு காரியத்துக்காக ஏறியவர்கள் எத்தனை பேர்?) 11 படுக்கைகளோடு தொடங்கினார்கள். கட்டணம் கொடுக்க முடிந்தவர்களின் பணத்திலேயே முடியாதவர்களுக்கும் பார்த்தார்கள். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, 1992-ல் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள்.

பெண்பிள்ளை போய்க் கையேந்துவதா என்று எங்களில் இரண்டு பேருக்குத் தயக்கம். அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையைச் சொன்னேன். சென்னைச் சட்டசபையில் உறுப்பினரான முதல் பெண். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டித்தான், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். அவரே கேட்டார், நமக்கென்ன வெட்கம்?

மறுபடி நோட்டீஸ் எழுதினோம். இந்தத் தடவை ஒளியும் இல்லை, வாரி வழங்கலும் இல்லை. முகாம் எங்கே, எப்போது என்று இரண்டு வரி. பிறகு செலவு: இரண்டு நாள் ஒலிபெருக்கி ஆட்டோவுக்கு 3,000 ரூபாய், நோட்டீஸ் அச்சுக்கூலி 1,800, சாமியானா, நாற்காலி 2,600, வருகிறவர்களுக்கும் மருத்துவக் குழுவுக்கும் தேநீர், சாப்பாடு 4,000. ஆக 11,400. அறுவைச் செலவு மருத்துவமனையுடையது, இதில் சேராது என்றும் எழுதினோம். கடைசி வரி: கணக்கு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்படும்.

அப்பத்தாவின் படத்தைப் போட்டால் எல்லோரும் இரங்கிக் கொடுப்பார்கள் என்றாள் ஒருத்தி. எனக்கும் சரியென்றே பட்டது. அவரிடம் கேட்கப் போனோம்.

"என் கண்ணைக் காட்டிக் காசு கேக்காதீங்கத்தா. நாளைக்குக் கண்ணு தெரிஞ்சப்புறம் இந்தத் தெருவுல நாந்தானே நடக்கணும்?"

தலை குனிந்து திரும்பினோம். சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை போகும்போது சில விஷயம் பழகியிருந்தது. சாயங்காலம் சீரியல் நேரத்தில் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. காலை பத்தரைக்கு மேல் போனால் உட்காரச் சொல்கிறார்கள். இரண்டு பேராகப் போக வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது. அன்றன்று ராத்திரியே எண்ணி இரண்டு பேர் கையெழுத்து. பணம் இல்லை என்கிறவரிடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வருவீர்களா என்று கேட்கலாம். ஆட்டோக்காரத் தம்பி ஒருநாள் வாடகையே வேண்டாம் என்றார். அண்ணாச்சி செலவுப் பட்டியலை மட்டும் படித்தார், மற்றதைப் பார்க்கவே இல்லை. "சீனியும் தேயிலையும் என் கணக்கு" என்றார். கொடுக்காதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தோம்; அந்த வீடுகளிலிருந்தும் முகாமுக்கு ஆட்கள் வந்தார்கள்.

முகாமன்று காலை ஆறரைக்கே வரிசை நின்றுவிட்டது. எங்கள் அப்பத்தா வண்டி ஏறும்வரை "வேண்டாத்தா, பயமா இருக்கு" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவர், முதலில் பார்த்துச் சொன்னது, "என்னத்தா, இம்புட்டு இளைச்சுட்டே?"

பள்ளிக்கூடச் சுவரில் கணக்கை ஒட்டினோம். வரவு 10,650, செலவு 9,870, மிச்சம் 780. இந்த 780-ஐ என்ன செய்வது என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில், மறுபரிசோதனைக்குப் போகிறவர்களின் பஸ் காசுக்கு என்று எடுத்து வைத்தோம். அப்பத்தாவுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறதே.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திரும்பி, "கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார்.