தறியில் நெய்த எஞ்சின் வானத்தில் பறக்கிறது, தெரியுமா?

1933-ஆம் ஆண்டு முழுவதும் டாடா விமானங்களில் பயணம் செய்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? 155 பேர்! ஒரு நாளில் அல்ல, ஒரு வருஷத்தில்! இன்றைக்குச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்புகிற ஒரே ஒரு ஏர்பஸ் ஏ320, நிரம்பிப் போனால் ஒரே தடவையில் அதைவிட அதிகம் பேரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இந்த மாற்றத்தின் கதையை ஆரணிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரணிக்கு விமான நிலையம் இல்லையே என்கிறீர்களா? பட்டுக்கும் நெல்லுக்கும் பேர் போன ஊருக்கு ஏரோப்ளேன் கதை எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. விமானம் பிறந்தபோது அதன் மேல் இருந்தது துணி. இடையில் துணி போய் உலோகம் வந்தது. இப்போது, நம்பினால் நம்புங்கள், தறி மறுபடியும் விமானத்துக்குள் வந்துவிட்டது! ஒண்ணுபுரத்திலும் முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

இன்றைய ஏர் இந்தியாவின் முதல் வான்வழி எந்த ஊரில் முடிந்தது தெரியுமா? நம் மெட்ராஸில்! 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் ஒரு புஸ் மாத் விமானத்தில் தனியாக ஏறினார். சுமை, 25 கிலோ தபால். அகமதாபாத்தில் இறங்கினால், பெட்ரோல் வந்து நிற்கிறது மாட்டு வண்டியில்! டின் டின்னாக ஊற்றி நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜூஹுவில் போய் இறங்கினார். அங்கே தபாலை வாங்கிக்கொண்டு டாடாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரிக்குப் பறந்தார். ராத்திரி அங்கே தங்கல், மறுநாள் மெட்ராஸ். ஒரு கம்பெனி, இரண்டே விமானங்கள்!

அந்த விமானம் எதனால் ஆனது தெரியுமா? உடம்புக்கு எஃகுக் குழாய், இறக்கைக்கு மரச் சட்டம், அதற்கெல்லாம் மேலே இழுத்துப் போர்த்தியது துணி! டாடா மட்டுமா? 1903-இல் ரைட் சகோதரர்கள் உலகில் முதன்முதலாக எஞ்சின் விமானத்தில் பறந்தார்களே, அந்த விமானத்தின் இறக்கையும் மஸ்லின் பருத்தித் துணிதான். கடையில் வாங்கி, வீட்டுத் தையல் மெஷினில் தைத்தது! பிறகு வந்த விமானங்களில் துணியைச் சும்மா போர்த்தவில்லை. அதன் மேல் 'டோப்' என்ற ஒரு கரைசலைப் பூசினார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டதும் நூல் விறைக்கிறது பாருங்கள், அதே மாதிரி டோப் காயக் காயத் துணி சுருங்கி, பறை போல் இறுகிக்கொள்ளும். காற்று உள்ளே போகாது, மழை நனைக்காது. அந்த இறுக்கத்தில்தான் மனிதர்கள் ஆயிரம் மைல் பறந்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் மின்னலாய்ப் பறந்த பிரிட்டனின் மஸ்கீட்டோ விமானம் முழுக்க மரப்பலகை. அதன் மேல் போர்த்தியது மடபோலம் என்ற மெல்லிய பருத்தித் துணி. அந்த ரகம் பிறந்த இடம் நம் பக்கத்து மாநிலம்! கோதாவரி டெல்டாவில், நரசாபுரம் பக்கத்தில் இருக்கிற மாதவாயபாலம் என்ற நெசவூர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே நெய்து கப்பலேறிய துணி ரகத்தின் பெயர், இருநூறு வருஷம் கழித்து வானத்தில் பறந்திருக்கிறது. போர்க்காலத்தில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம் அதே மஸ்கீட்டோவில் பயணிகளைக்கூட ஏற்றிப் போனது!

பட்டுக்கும் பங்கு உண்டா? உண்டே! அந்தப் போரில் ஜப்பான் பட்டு வரத்து நின்றுபோனது. விமானத்திலிருந்து குதிக்கிறவர்களின் பாராசூட்டுக்குப் பட்டு வேண்டும். மைசூர், கொள்ளேகால் பக்கத்துப் பட்டு நூலுக்கு அப்போது வந்த கிராக்கி கொஞ்சநஞ்சமில்லை. அன்றைய கொள்ளேகால் மெட்ராஸ் மாகாணத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு நைலான் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

டாடாவுக்கும் 22 வருஷம் முன்னால், மெட்ராஸில் ஒரு ஹோட்டல்காரர் சொந்தமாக விமானம் செய்து பறந்தார், தெரியுமா? ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். 1910 மார்ச்சில், சிம்சன் கம்பெனி பட்டறையில் தன் வரைபடத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை!

இனி உலோகக் காலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டக்ளஸ் டிசி-3 விமானங்கள், நம் ஊர்ப் பேச்சில் டகோட்டா, மலிவாகக் கிடைத்தன. ஆளாளுக்கு விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி அரசாங்கம் இந்தியன் ஏர்லைன்ஸைத் தொடங்கியபோது கையில் இருந்தவை 99 விமானங்கள். அதில் 74 டகோட்டா! நாட்டின் உள்ளூர் வான் போக்குவரத்தின் பெரும்பகுதியை ஒரே ரகம் தோளில் சுமந்திருக்கிறது. மேலே ஏறினால் காற்று மெலிந்துவிடும், உள்ளே அழுத்தம் கூட்டும் வசதி கிடையாது. அதனால் டகோட்டா மேகத்துக்குக் கீழேயும் மேகத்துக்குள்ளேயும்தான் குலுங்கிக் குலுங்கிப் போகும். அதில் போனவர்களின் தைரியத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்த டகோட்டாக்கள் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் சேவை! டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் இருட்டியபின் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவில் நாக்பூரில் வந்து சேரும். தபால் மூட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். விடிந்தால் மெட்ராஸில் டெல்லிக் கடிதம்! கணினி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. நாட்டின் நடுவில் ஓர் ஊர், நான்கு விமானம், ஒரு கடிகாரம். இதைவிட அழகான ஏற்பாட்டை இந்திய வான் வரலாற்றில் நான் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் இதில் இடம் உண்டு. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராஸ் வந்தது. அதுவும் டகோட்டா. பெயர் 'சீதாதேவி'!

மெட்ராஸ் அரசாங்கத்துக்கு லண்டனிலிருந்து விமானம் ஓட்டிக்கொண்டு வந்த பெண்ணைத் தெரியுமா? உஷா சுந்தரம்! 1951-இல் அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தைக் கணவர் வி.சுந்தரத்தோடு சேர்ந்து துணை விமானியாக ஓட்டி, சுமார் 27 மணி நேரத்தில் பம்பாய் சேர்த்தார். பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் அது சாதனை நேரம்! பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்க வேண்டும்.

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்', நான்கு எஞ்சின் கான்ஸ்டலேஷன், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. பயணிகள் 35 பேர். பன்னிரண்டே வருஷத்தில் போயிங் 707 ஜெட் வந்துவிட்டது. 1962-இல் ஏர் இந்தியாவிடம் இருந்தது எல்லாமே ஜெட்! ப்ரொப்பெல்லர் விமானம் ஒன்றுகூட இல்லாத நிறுவனம் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. உள்நாட்டில் வைக்கவுண்ட், ஃபோக்கர், காரவெல், போயிங் 737 என்று வரிசையாக வந்தன. கான்பூரில் நாமே செய்த ஆவ்ரோவும் பறந்தது. 1976-இல் அகன்ற உடம்புக்காரன் ஏர்பஸ் ஏ300.

1970-களில் ஏர் இந்தியா வாங்கிய 747 ஜம்போ ஜெட்டுகளுக்குப் பேரரசர்கள் பெயர். முதலாவது அசோகர். இன்னொன்றின் பெயர் என்ன தெரியுமா? ராஜேந்திர சோழன்! கடல் தாண்டிப் படை நடத்தியவனின் பெயர் கடல் தாண்டிப் பறந்தது. யார் வைத்த பெயரோ, கை எடுத்துக் கும்பிடலாம்.

தமிழ்நாட்டிலும் பயணிகள் விமானம் செய்திருக்கிறோம்! ஓசூர் பக்கத்து பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990-களில் இத்தாலிய வடிவமைப்பான பி68 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தைச் செய்தது. ஆரணியிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிற ஊர்!

1994-இல் அரசின் ஏகபோகச் சட்டம் போனது. அதற்கு முன்னும் பின்னுமாக ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையின் என்.இ.பி.சி. என்று வந்த வேகத்தில் பல காணாமல் போயின. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் தரையிறங்கியது. 2003-இல் கேப்டன் கோபிநாத் 48 இருக்கை ஏடிஆர் விமானத்தோடு ஏர் டெக்கானைத் தொடங்கி, சின்ன ஊர்க்காரர்களும் பறக்கலாம் என்று காட்டினார். அவர் கதையை ஒட்டித்தான் 'சூரரைப் போற்று' வந்தது. கம்பெனிகள் செத்தாலும் பழக்கம் சாகவில்லை! 2014-இல் சுமார் 400 ஆக இருந்த நாட்டின் பயணிகள் விமானங்கள் பத்து வருஷத்தில் 800-ஐத் தாண்டிவிட்டன. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர், ஜூனில் இண்டிகோ 500-க்கு. நாலே மாதத்தில் 970! 1953-இன் அந்த 99-ஐ ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஆரணிக்கு வருவோம். இதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

1804-இல் ஜாக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு தறியைக் கொண்டுவந்தார். ஊர் லியான். அதுவும் ஆரணி மாதிரிப் பட்டு ஊர்! அந்தத் தறியில் மாட்டிய அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதனோடு சேர்ந்த பாவு நூல் மட்டும் மேலே எழும். இப்படி ஒவ்வொரு நூலையும் தனித்தனியாகத் தூக்கி இறக்க முடிந்ததால்தான் புடவைக் கரையில் அன்னமும் மயிலும் மாங்காயும் விழுகின்றன. ஆரணியில் ஜக்கார்டு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே ஜாக்கார்டு முறைத் தறியில் இன்று விமான எஞ்சினின் விசிறி இதழை நெய்கிறார்கள், தெரியுமா?! லீப் என்று ஓர் எஞ்சின். பிரான்சின் சஃப்ரானும் அமெரிக்காவின் ஜி.இ.யும் சேர்ந்து செய்வது. அதன் முன்பக்க விசிறியின் ஒவ்வொரு இதழும் கார்பன் நூலால் முப்பரிமாணமாக நெய்யப்பட்டது. பாவு, ஊடை இரண்டோடு நிற்காமல், அடுக்குக்கு அடுக்கு ஊடுருவிக் கட்டுகிற நூலும் உண்டு. ஏன் தெரியுமா? துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மட்டும் செய்தால், பறவை மோதும் அடியில் அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். நெய்ததோ சுலபத்தில் பிரியாது! நெய்து முடித்ததை நீர்ப்பீச்சால் வெட்டி, முறுக்கி, அச்சில் வைத்து, பிசினைச் செலுத்திச் சூட்டில் இறுக்குகிறார்கள். முன்விளிம்புக்கு டைட்டானியம் பட்டை. அமெரிக்காவின் ராசெஸ்டரிலும் பிரான்சின் கொமெர்சியிலும் மெக்சிகோவின் கெரெத்தாரோவிலும் தறிகள் ஓடுகின்றன.

இதனால் என்ன லாபம்? அதே அளவு உலோக விசிறியோடு ஒப்பிட்டால் ஒரு விமானத்துக்குச் சுமார் 450 கிலோ எடை மிச்சம்! எடை குறைந்தால் எரிபொருள் குறையும், எரிபொருள் குறைந்தால் டிக்கெட்டு விலையைத் தாங்கலாம். இந்த எஞ்சின் எங்கோ வெளிநாட்டு விமானத்தில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஏர் இந்தியாவின் ஏ320 நியோ என்ற புது ரக விமானங்களிலும், இண்டிகோவின் பல நியோக்களிலும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா இரண்டும் ஓட்டுகிற போயிங் 737 மேக்ஸ் விமானங்களிலும் இதுதான் சுற்றுகிறது. 2012 முதல் ஏர் இந்தியாவில் பறக்கிற 787-இன் எடையில் பாதியளவு கார்பன் இழையும் பிசினும்தான்!

நூலை எண்ணித் தெரிந்தவர்களுக்கு இதழை எண்ணுவது பெரிய வேலை இல்லை. அடுத்த தடவை மீனம்பாக்கத்தில் நியோ விமானம் கண்ணில் பட்டால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எஞ்சின் முகத்தைப் பாருங்கள். பழைய ஏ320-இன் சி.எஃப்.எம்.56-5பி என்றால் விசிறி இதழ் 36, டைட்டானியம். நியோவில் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் என்றால் 20, அதுவும் உலோகம். எண்ணிக்கை 18-இல் நின்றால் அது லீப். பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்: அந்தப் பதினெட்டும் தறியில் நெய்தவை!