மட்டையும் மண்ணும் – 7: லீக்கை ஜெயித்தவர்கள் கதை

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரின் பார்க் ஈ கீவ் மைதானத்தில், மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங்கின் தேசிய லீக் இறுதி ஆட்டம். சொந்த மண்ணில் ஆடும் கார்க்கை எதிர்த்து நின்றது பக்கத்து கவுண்டியான டிப்பரரி. ஆட்டம் முடிந்தபோது கார்க் 3-24, டிப்பரரி 0-23.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்லிவிடலாம். ஸ்கோரின் நடுவே வரும் சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயின்ட். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல். அதற்கு மூன்று பாயின்ட் மதிப்பு. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே பறந்தால் ஒரு பாயின்ட். ஆக, கார்க் 33, டிப்பரரி 23. பத்து பாயின்ட் வித்தியாசத்தில் வெற்றி. 1998-க்குப் பிறகு கார்க் லீக் கோப்பையைத் தொடுவது இதுதான் முதல் முறை.

இருபத்தேழு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஆனாலும் கார்க்காரர்கள் அன்று முழு மனதோடு கொண்டாடியிருக்க முடியாது. அவர்களுடைய உண்மையான பசி வேறு கோப்பைமீது. கோடையில் நடக்கும் அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப்பின் லியம் மெக்கார்த்தி கோப்பை அவர்கள் ஊருக்குக் கடைசியாக வந்தது 2005-இல். ஹர்லிங் ரசிகர்களைப் பொறுத்தவரை லீக் என்பது வெள்ளோட்டம். தேர் நிலையை விட்டுப் புறப்படுவது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான்.

சேற்றில் தொடங்கும் பருவம்

இந்த வெள்ளோட்டத்துக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. முதல் தேசிய ஹர்லிங் லீக் 1925-26 பருவத்தில் நடந்தது. அதை ஜெயித்ததும் கார்க்தான். நெடுங்காலம் அக்டோபரில் தொடங்கி, குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் முடிவதே வழக்கம். 1997 முதல் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்போது ஜனவரி இறுதியில் தொடக்கம், ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதி ஆட்டம்.

ஜனவரி மாத அயர்லாந்தில் மைதானம் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். மழை பெய்யும், காற்று சுழன்றடிக்கும், சனிக்கிழமை இரவு ஆட்டங்கள் விளக்கொளியில் நடக்கும். தோல் போர்த்திய ஸ்லிட்டர் பந்து நனைந்து கனக்கும். ஜூன், ஜூலையில் காய்ந்த புல்தரையில் எண்பது, தொண்ணூறு மீட்டர் பறக்கும் பந்து, குளிர்காலத்தில் அதே அடிக்கு அவ்வளவு தூரம் போகாது. எனவே இந்த மாதங்களில் லாகவத்தைவிடத் தோள்வலுவுக்கே வேலை அதிகம்.

வீரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவு கிடைக்கும், அவ்வளவுதான். ஞாயிறு மாலை மட்டையைக் காரில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஆசிரியரும் விவசாயியும் போலீஸ்காரரும் திங்கள் காலை வேலைக்குப் போயாக வேண்டும். ஒரு கவுண்டி இன்னொரு கவுண்டியிலிருந்து வீரர்களை விலைக்கு வாங்கவும் முடியாது. முன்கள வீரர் போதவில்லை என்றால், சொந்த கவுண்டியின் கிளப்களிலிருந்து ஓர் இளைஞனைத் தேடிப் பிடித்துத் தயார்செய்ய வேண்டும். அவனை எங்கே சோதித்துப் பார்ப்பது? லீக்கில்தான்.

மேனேஜர்களுக்குத் தலைவலி தொடங்கும் இடமும் அதுவே. 2022 முதல் ஆண்டின் முதல் பாதி கவுண்டி அணிகளுக்கு, பிற்பாதி கிளப் ஆட்டங்களுக்கு என்று பிரித்துவிட்டார்கள். அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் ஜூலைக்கு முன்னேறியது, எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டது. ஏப்ரல் தொடக்கத்தில் லீக் இறுதியில் ஆடும் அணி, இரண்டே வாரத்தில் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்துக்கு இறங்க வேண்டும். மன்ஸ்டர் மாகாணப் பிரிவில் ஐந்து அணிகள் ஒன்றோடொன்று மோதும். மூன்றுக்குத்தான் வழி உண்டு. இரண்டு தோல்வி கண்டவர்கள் மே மாதத்திலேயே மூட்டை கட்டிவிட நேரலாம். அப்படியிருக்க, லீக் கோப்பைக்காக முக்கிய வீரர்களின் கால்களைக் களைப்படைய விடலாமா?

ஜோசியம் பலிக்குமா?

2022-இல் லீக் கோப்பையை வாட்டர்ஃபோர்டு தூக்கியது. இறுதியில் கார்க்குக்கு எதிராக 4-20, 1-23. அந்தக் கோடையின் கோப்பை இவர்களுக்குத்தான் என்று பலரும் எழுதினார்கள். சாம்பியன்ஷிப்பில் வாட்டர்ஃபோர்டு டிப்பரரியை மட்டும் ஜெயித்தது. லிமரிக்கிடமும் கார்க்கிடமும் கிளேரிடமும் தோற்று மன்ஸ்டரைத் தாண்டாமலே வெளியேறியது. அதே லீக்கில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் ஜெயித்து, சோர்ந்துபோன அணியாகத் தெரிந்த லிமரிக், ஜூலையில் கில்கென்னியை வீழ்த்தி அகில அயர்லாந்து சாம்பியன் ஆனது.

லீக்கை நம்பாதே என்று சொல்ல இது போதும் என்று தோன்றும். ஆனால் மறு ஆண்டே லிமரிக் லீக்கையும் ஜெயித்தது, லியம் மெக்கார்த்தி கோப்பையையும் தொடர்ந்து நான்காவது முறையாக வென்றது. 2024-இல் கிளேர் அதையே செய்தது. ஏப்ரலில் கில்கென்னியைத் தோற்கடித்து லீக். ஜூலையில் கூடுதல் நேரம்வரை நீண்ட இறுதியில் கார்க்கை 3-29, 1-34 என்று ஒரே பாயின்ட்டில் தாண்டி அகில அயர்லாந்துப் பட்டம். பலித்த ஆண்டுகளும் உண்டு, பொய்த்த ஆண்டுகளும் உண்டு. கொரோனா ஆண்டான 2020-இல் கணக்கே புரண்டது: லீக் இறுதியை நடத்த நேரமில்லாததால், அக்டோபரில் லிமரிக்கும் கிளேரும் மோதிய மன்ஸ்டர் சாம்பியன்ஷிப் ஆட்டத்தையே லீக் இறுதியாகவும் கணக்கில் கொண்டார்கள். ஒரே மாலையில் லிமரிக்குக்கு இரண்டு வெற்றி.

சாம்பியனுக்கு வந்த இறக்கம்

2025-இல் விதி மாறியது. அதுவரை சில ஆண்டுகளாக முதல் டிவிஷனின் இரு குழுக்களும் ஏறத்தாழ சம பலத்தில் அமைந்திருந்தன. பெரிய அணிகள் சின்ன அணிகளோடு கலந்து ஆடும், தோற்றாலும் பெரிதாக எதுவும் பறிபோகாது. புதிய ஏற்பாட்டில் 1ஏ என்ற மேல்தட்டில் ஏழே அணிகள்: கார்க், டிப்பரரி, லிமரிக், கிளேர், கில்கென்னி, கால்வே, வெக்ஸ்ஃபோர்டு. ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டம். முதல் இரண்டு இடம் பிடித்தால் இறுதி ஆட்டம். கடைசி இரண்டு இடமென்றால் அடுத்த தட்டான 1பி-க்கு இறக்கம்.

இறங்கியவர்களில் ஒருவர் வெக்ஸ்ஃபோர்டு. இன்னொருவர் யார் தெரியுமா? லீக் சாம்பியனும் அகில அயர்லாந்து சாம்பியனுமான கிளேர். முந்தைய ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வான ஷேன் ஓ'டானல் தோள்பட்டைக் காயத்தால் ஆட முடியாமல் போனார். காயப்பட்டியலில் அவர் தனியாகவும் இல்லை. "லீக்தானே, கோடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளேர் ரசிகர்கள் தேற்றிக்கொண்டிருந்தால் அதுவும் நடக்கவில்லை. மன்ஸ்டரில் முதல் மூன்று இடங்களுக்குள் வர முடியாமல், பட்டத்தைக் காக்கும் போராட்டம் மே மாதத்தோடு முடிந்தது. கிளேர் விஷயத்தில் பனிக்கால லீக் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

டிப்பரரியின் கதை நேர் எதிர். 2024-இல் மன்ஸ்டரில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் கடைசி இடம். அந்த அவமானத்துக்குப் பிறகும் பதவியில் நீடித்த மேனேஜர் லியம் கேஹில், 2025 லீக்கில் இளரத்தத்தை இறக்கினார். 19 வயது தாரா மெக்கார்த்தியிடம் ஃப்ரீ அடிக்கும் பொறுப்பே போனது. ஹர்லிங்கில் அது பெரிய பொறுப்பு. எதிரணியின் ஒவ்வொரு தவறுக்கும் கிடைக்கும் அடியை, பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்க, ஒற்றை ஆளாகக் குறுக்குக் கம்பத்துக்கு மேல் அனுப்ப வேண்டும். அந்தப் பயிற்சியோடுதான் டிப்பரரி லீக் இறுதிவரை வந்தது. வந்து, கார்க்கிடம் பத்து பாயின்ட்டில் அடி வாங்கியது.

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 27-இல், அதே மைதானத்தில் அதே கார்க். இம்முறை மன்ஸ்டர் சாம்பியன்ஷிப். ஆட்டம் தொடங்க நடுவர் பந்தை எறியும் முன்பே மெக்கார்த்தி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பதினான்கு பேரோடு ஆடிய டிப்பரரி 4-27, 0-24 என்று பதினைந்து பாயின்ட்டில் வீழ்ந்தது. லீக் கோப்பை கையில், மன்ஸ்டரில் முழு வேகம். இனி கார்க்கைத் தடுக்க யாருமில்லை என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஜூன் 7-இல் லிமரிக்கைப் பெனால்டியில் வென்று மன்ஸ்டர் பட்டமும் கார்க்குக்கு வந்தது. அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளின் வலைக்குள் ஏழு கோல்.

ஜூலை 20, டப்ளின் குரோக் பார்க். அகில அயர்லாந்து இறுதியில் மீண்டும் அதே இரு அணிகள். இடைவேளையில் கார்க் 1-16, டிப்பரரி 0-13. ஆறு பாயின்ட் முன்னிலை. இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது வெறும் இரண்டு பாயின்ட். டிப்பரரி எடுத்தது 3-14. முடிவு 3-27, 1-18. ஏப்ரலில் எந்த அணியிடம் பதினைந்து பாயின்ட்டில் தோற்றார்களோ, அதே அணியை அதே பதினைந்து பாயின்ட்டில் வென்றார்கள். தாரா மெக்கார்த்தியின் பங்கு மட்டும் 1-13. டிப்பரரியின் 29-வது பட்டம் அது.

கார்க்கைத் தோற்கடிக்கும் வழியை டிப்பரரி லீக்கில் கண்டுபிடித்தது என்று சொல்வதற்கில்லை. அங்கே தோற்றது அவர்கள்தான். லீக்கிலிருந்து கேஹில் எடுத்துக்கொண்டது ஆட்களை. குளிரிலும் சேற்றிலும் ஆறு ஆட்டம் பழகிய பையன்கள் ஜூலையில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் கால் நடுங்காமல் நின்றார்கள். கார்க் எடுத்துக்கொண்டது கோப்பையை.

கீழ்த்தட்டின் திருவிழா

இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் பெரிய கவுண்டிகளின் கவலை. லீக்கின் கடைசி டிவிஷன்களுக்குப் போனால் அது வெள்ளோட்டம் அல்ல, திருவிழாவே அதுதான். வடக்கிலும் வடமேற்கிலும் பல கவுண்டிகளில் கேலிக் கால்பந்துக்கே மவுசு. ஹர்லிங் கிளப்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஓர் ஊர்ப் பையன் தன் கவுண்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உறுதியாக நாலைந்து ஆட்டம் ஆட முடிவது லீக் இருப்பதால்தான்.

2023-இன் கடைசியில் அந்தச் சட்டைக்கே ஆபத்து வந்தது. லீட்ரிம், லாங்ஃபோர்டு, லௌத், கேவன், ஃபெர்மனா ஆகிய ஐந்து கவுண்டிகளிலும் கிளப் எண்ணிக்கை மிகக் குறைவு; எனவே அவற்றை லீக்கிலிருந்து விலக்கி, அந்தப் பணத்தை அடித்தட்டில் ஆட்டத்தை வளர்க்கச் செலவிடலாம் என்று ஒரு யோசனை, இந்த ஆட்டங்களை நடத்தும் கேலிக் தடகளச் சங்கத்திடமிருந்து வந்தது. ஏட்டளவில் நியாயமாகத் தெரிந்த அந்த யோசனைமீது வீரர்கள் கொதித்தெழுந்தார்கள். கவுண்டி அணியே இல்லையென்றால் எந்தச் சிறுவன் மட்டையைத் தொடுவான் என்று கேட்டார்கள். யோசனை திரும்பப் பெறப்பட்டது.

லீட்ரிம் அணிக்கு ஆடியவர்களில் ஒருவர் ஸாக் மொராடி. குர்து இனத்தவர், 1991-இல் இராக்கின் ரமாடி அருகே அகதி முகாமில் பிறந்தவர். 2002-இல் குடும்பத்தோடு லீட்ரிமின் கேரிக்-ஆன்-ஷானன் ஊருக்கு வந்தபோது ஹர்லிங் என்ற ஆட்டத்தையே அவர் கேள்விப்பட்டதில்லை. 2019-இல் அவர் ஆடிய லீட்ரிம் அணி, ஐந்தாம் அடுக்கு சாம்பியன்ஷிப்பான லோரி மேஹர் கோப்பையின் இறுதியில் லங்காஷயரைக் கூடுதல் நேரத்தில் வென்றது. இடம், குரோக் பார்க். 2023-இன் யோசனை நிறைவேறியிருந்தால் காணாமல் போயிருக்கக்கூடியது இப்படிப்பட்ட அணிதான்.

இந்த ஏணியில் ஏறுவதும் சறுக்குவதும் சின்னவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. நான்கு முறை அகில அயர்லாந்து பட்டம் வென்ற ஆஃபலி, 2019-இல் மூன்றாம் அடுக்கான கிறிஸ்டி ரிங் கோப்பைவரை சரிந்தது. 2024-இல் இரண்டாம் அடுக்கான ஜோ மெக்டோனா கோப்பையை வென்று மேலேறியது. அதே ஆண்டு அதன் 20 வயதுக்குட்பட்டோர் அணி அகில அயர்லாந்து சாம்பியன் ஆனது. 2025 லீக்கில் வாட்டர்ஃபோர்டோடு சேர்ந்து 1ஏ-வுக்கு இடம்பிடித்தது. கிளேர் இறங்கிய படியில் ஆஃபலி ஏறியது.

(தொடரும்)

அடுத்த வாரம்: அயர்லாந்தில் 2012-இல் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை வரிசையாகச் சாய்க்கிறது. மட்டைக்கு மரம் எங்கே? மூங்கிலில் ஹர்லி மட்டை செய்யப் புறப்பட்ட பட்டறைகளைப் பார்க்கலாம்.